பச்சை வந்ததும்

அக்கா புருஷன் அவளுடைய தலைமுடியைக் கொத்தாகப் பிடித்து மேஜையில் மோதினான். மூக்கு ரத்தம் கீபோர்டில் சொட்டியது.

"உங்கக்காவோட வீங்கின மூஞ்சியை வெப்சைட்ல போட்டு என் மானத்தை வாங்கறியா? அந்தப் பக்கத்தைத் தூக்குடி!"

"தூக்கறேன் மாமா. முதல்ல கழுத்துலேருந்து கத்தியை எடுங்க."

அவன் எடுக்கவில்லை.

அடிபட்ட பெண்களுக்காக அவளுடைய ஆபீஸ் நடத்தும் வெப்சைட் அது. பக்கத்தை அழித்து, அந்த மாற்றத்தை அனுப்பினாள். சோதிப்பது, கிளவுட் சர்வர்களில் ஏற்றுவது, டீமுக்குத் தகவல் சொல்வது எல்லாம் தானாகவே நடக்கும். திரையில் மஞ்சளாகச் சுழன்ற வட்டம், ஏற்றி முடிந்ததும் பச்சையானது. அவன் தன் போனில் தேடினான். பக்கம் இல்லை.

அவளுடைய போன் அடித்தது. அதை ஷூக் காலால் நொறுக்கிவிட்டு, அவள் விலாவிலும் ஓர் உதை விட்டான்.

கால் மணி நேரத்தில் கதவு உடைந்தது. போலீஸ். பின்னாலேயே மூச்சிரைக்க அவளுடைய மேனேஜர்.

"நீதான் போனையே தொடலையே, எப்படிடி சொன்னே?" விலங்கோடு கத்தினான்.

அவள் ரத்தத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"இன்னிக்கு வெள்ளிக்கிழமை மாமா. லீவுல சைட் படுத்துடுமோன்னு பயந்து, வெள்ளிக்கிழமை சாயங்காலம் எங்க டீம்ல யாரும் எதையும் ஏத்தவே மாட்டோம். கழுத்துல கத்தி வெச்சாத்தான் ஏத்துவோம்."