அத்தையின் முன்பற்கள்

“கழட்டி மாட்டுற பல் செட்டே போதுமேம்மா. எலும்புல ஸ்குரூ வச்சுத்தான் பல் கட்டணும்னு ஏன் பிடிவாதம்?” மருமகளோடு வந்திருந்த மாமியாரிடம் கேட்டார் பல் டாக்டர்.

“செட்டு பேசும்போது ஆடுது டாக்டர். கழட்டினா உதடு உள்ளே போயிடுது.”

“அழகு போயிடும்னு கவலையா?”

“எனக்கெதுக்கு இனிமே அழகு? எல்லாம் இவளுக்காகத்தான்.”

டாக்டருக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. மாமியார் வாயை மூடினால் போதும் என்றிருக்கும் மருமகள்களைத்தான் அவர் பார்த்திருக்கிறார். மருமகள் பக்கம் திரும்பி, “ஏம்மா, உங்க அத்தை பேசியே ஆகணுமா?” என்றார்.

அவள் பதில் சொல்லாமல் அவர் முகத்தையே பார்த்தாள். ஏதோ மனஸ்தாபம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டார்.

“மாஸ்க்கைக் கழட்டிட்டுக் கேளுங்க டாக்டர்,” என்றாள் மாமியார். “சின்ன வயசுல வந்த காய்ச்சல்ல இவளுக்குக் காது போயிடுச்சு. உதட்டைப் பார்த்துத்தான் பேச்சைப் புரிஞ்சுக்குவா.”

டாக்டர் அவசரமாக மாஸ்க்கைக் கழற்றிவிட்டு மறுபடியும் கேட்டார்.

மருமகள் சிரித்துவிட்டாள். “பல்லு போனதுலேருந்து அத்தை திட்டுறாங்களா, கொஞ்சுறாங்களான்னே தெரியல டாக்டர். ஒரு சண்டைகூட ஒழுங்காப் போட முடியல!”