ஒத்தையா, கொத்தா?

“நாலையும் ஒரே அமுக்குல விட்டுட்டியா? போச்சு! இனி நம்ம ரெண்டு பேருக்கும் சங்குதான்!”

பல் டாக்டரின் அறையிலிருந்து வந்த அலறலில், வெளியே வீங்கிய கன்னத்தோடு உட்கார்ந்திருந்தவர் செருப்பைக்கூட மாட்டாமல் ஓடிவிட்டார். வரவேற்பு மேஜையில் இருந்த டாக்டரின் மனைவி தலையில் அடித்துக்கொண்டாள்.

உள்ளே மதிய இடைவேளை. கம்ப்யூட்டரில் போர் விமான விளையாட்டு, இரட்டையர் போட்டியின் இறுதிச் சுற்று. டாக்டர் அங்கே ‘முத்துப்பல்’, கிளினிக் போர்டில் உள்ள அதே பெயர். ஜோடி, போன மாதம் தானாக வந்து ஒட்டிக்கொண்ட ‘பச்சைக்கிளி’. விளையாட்டில் பேச்செல்லாம் விமான ரேடியோ போலக் கரகரக்கும். யார் பேசினாலும் தகர டப்பாவுக்குள் தவளைதான்.

கிளி தங்கமான ஆள். “சாப்பிட்டீங்களா? வீட்ல சௌக்கியமா?” என்று கேட்காமல் விமானம் ஏறாது. ஏவுகணை செட்டிங்தான் அதன் மண்டையில் ஏறாது. ‘ஒத்தை’யில் வைத்தால் ஒரு அமுக்குக்கு ஒன்று போகும். ‘கொத்து’ என்றால் இருப்பதெல்லாம் காலி. இப்போது ஒரே எதிரிக்கு நாலையும் செலவழித்துவிட்டது. இன்னொருவன் பாக்கி.

“மக்கு! ஒத்தையில வைன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேனே!”

“மன்னிச்சுக்குங்க, பதட்டத்துல மாறிப்போச்சு.”

கதவு திறந்தது. “கொஞ்சம் மெதுவா கத்துங்க. இருந்த ஒரு பேஷண்டும் ஓடியாச்சு,” என்றாள் மனைவி. “அப்பாவுக்குப் போன் போட்டேன். இன்னிக்கும் எடுக்கலை.”

“உங்கப்பாவா எடுப்பார்? சொல்லாம கல்யாணம் பண்ணிக்கிட்டோம்னு ஹெட்மாஸ்டர் இன்னிவரைக்கும் என்கிட்ட வாயைத் திறக்கலை. கல்லுலகூட நார் உரிச்சிடலாம்!”

அதற்குள் எதிரி டாக்டரின் வால் பக்கம் வந்துவிட்டான். அவரிடமும் ஏவுகணை இல்லை.

“கிளி! துப்பாக்கிக்கு மாத்து! விடாம சுட்டா குண்டு தீர்ந்திடும். ‘துளி’ செட்டிங்ல வை. தட்டித் தட்டிச் சுடு!”

“ஆகட்டும்!”

டப்... டப்... டப். டாக்டர் கண்ணை இறுக மூடிக்கொண்டார். திறந்தபோது எதிரி விமானம் தீபாவளியாகச் சிதறிக்கொண்டிருந்தது. திரை முழுக்க, ‘வெற்றி!’

டாக்டர் துள்ளிய துள்ளலில் நாற்காலி உருண்டது, ஹெட்போன் ஒயர் பிடுங்கிக்கொண்டது. மனைவியை இழுத்துத் தட்டாமாலை சுற்றினார். அவளும் சிரித்துவிட்டாள்.

“கிளி, நீ மக்கு இல்லடா, என் ராஜா! என்ன வேணும், கேளு!”

ஸ்பீக்கரில் கரகரப்பு. பிறகு ஒரு செருமல்.

“வர்ற ஞாயித்துக்கிழமை என் பொண்ணைக் கூட்டிக்கிட்டு நம்ம வீட்டுக்கு வாங்க, மாப்பிள்ளை.”