இரவல் கனவுகள்

மூன்று மாதமாக ருவேடி திருடிக்கொண்டிருந்தார். பணம் காசு இல்லை. பெண்டாட்டி எல்ஸ்பெத்தின் கனவுகளை.

சூரிச் டிராம்களுக்கு நேர அட்டவணை போட்டே முப்பத்தெட்டு வருஷம் ஓட்டியவர். அரை நிமிஷம் பிசகினாலும் முகம் கோணுகிற மனிதர். பென்ஷன் வாங்கிக்கொண்டு வீட்டோடு இருக்க ஆரம்பித்த இரண்டாம் மாதமே எல்ஸ்பெத் சொல்லிவிட்டாள்.

"செப்டம்பர் கடைசியில தூன் ஊர்ல இருக்கிற தங்கச்சி வீட்டுக்குப் போயிடறேன். ஒரு ரூம் ஒழிச்சுத் தரேன்னிருக்கா."

"எத்தனை நாளைக்கு?"

"திரும்பி வர்ற மாதிரி இல்ல."

"நான் என்ன தப்பு பண்ணினேன்?"

"தப்பெல்லாம் ஒண்ணும் பண்ணல. முப்பத்தாறு வருஷம் கூட இருந்தும் நீ யாருன்னு எனக்குத் தெரியல. உனக்காவது தெரியுமா?"

தெரியாது. தெரியாததற்கெல்லாம் ஒரு வகுப்பில் சேர்ந்துவிடுவதுதான் எங்கள் ஊர் வழக்கம். செவ்வாய்க்கிழமை சாயந்திரம், சர்ச் கூடத்தில், யுங் உளவியல் வழியில் தன்னை அறிதல். ருவேடி முதல் ஆளாகப் பெயர் கொடுத்தார்.

பாடம் நடத்திய ப்ரூக்கர் அம்மா முதல் நாளே குண்டைத் தூக்கிப் போட்டார்.

"வாரம் ஒரு கனவு கொண்டு வாங்க. உங்களைப் பத்தி உங்களுக்கே தெரியாததை அதுதான் சொல்லும்."

ருவேடிக்குக் கனவே வராது. மற்றவர்கள் பாம்பு, பாதாளம் என்று அள்ளி விட, இவர் மட்டும் வெறுங்கையோடு உட்கார்ந்திருந்தார். கனவு இல்லாதவன் எப்படித் தன்னை அறிவது? தன்னையே அறியாதவன் அவளை எப்படித் தடுத்து நிறுத்துவது?

மறுநாள் காலை ரொட்டிக்கு வெண்ணெய் தடவிக்கொண்டே கேட்டார்.

"ராத்திரி ஏதாவது கனவு கண்டியா?"

எல்ஸ்பெத் காபியைக் கீழே வைத்துவிட்டு அவரையே பார்த்தாள். அவர் வாயிலிருந்து இப்படி ஒரு கேள்வி வந்ததே இல்லை.

"கண்டேன்," என்றாள் கொஞ்சம் யோசித்து. "ஸ்டேஷன்ல பெட்டியோட நிக்கிறேன். டிக்கெட் கொடுக்கிறவன் நிமிர்ந்துகூடப் பார்க்காம ஜன்னலைச் சாத்திட்டான்."

அடுத்த செவ்வாய் அதை அப்படியே தன் கனவாக ஒப்பித்தார்.

"கனவுல வர்ற எல்லாருமே நாமதான்," என்றார் ப்ரூக்கர் அம்மா. "பெட்டியோட நிக்கிறதும் நீங்க, ஜன்னலைச் சாத்தினதும் நீங்க. நாம பார்க்க விரும்பாத நம்ம நிழல் அது. வீட்டுல யார் முகத்துல ஜன்னலைச் சாத்தறீங்க, ருவேடி?"

ருவேடிக்குக் குப்பென்று வியர்த்தது. பெட்டியோடு நின்றது யார் என்று அவருக்குத்தான் தெரியுமே.

அதற்கப்புறம் கனவு கேட்பது தினசரி வேலையாகிவிட்டது.

"பெரிய விருந்து நடக்குது. சமைச்சதும் நான், பரிமாறினதும் நான். எனக்கு மட்டும் நாற்காலி இல்ல."

"எவ்வளவு நேரம் நின்னே?"

"ரொம்ப நேரம்."

"ஒருத்தரும் கேக்கலையா?"

"நீ இப்பதான் கேக்கறே."

அன்றைக்கு மத்தியானம் ருவேடி உருளைக்கிழங்கைத் துருவி வறுத்து, அவளை உட்காரவைத்துப் பரிமாறினார். அடியெல்லாம் கருகல். அப்படியும் அவள் தட்டைக் காலி செய்தாள்.

இன்னொரு நாள் கனவில் அவள் பாடுகிறாளாம், தொண்டையிலிருந்து சத்தமே வரவில்லையாம். கல்யாணத்துக்கு முன்னால் அவள் ஒரு பாடகர் குழுவில் இருந்தவள் என்பது அப்போதுதான் அவருக்கு ஞாபகம் வந்தது. ஏன் விட்டாய் என்று கேட்டார். ஒன்பதரை மணி டிராம் போனது, பத்து மணி டிராமும் போனது, இரண்டு பேரும் மேஜையை விட்டு எழுந்திருக்கவில்லை.

கோடை முடிகிற சமயம். ப்ரூக்கர் அம்மா அவரை வகுப்புக்கு முன்னால் கொண்டுவந்து நிறுத்திவிட்டார்.

"இந்த மூணு மாசத்துல தன்னை அதிகமா தெரிஞ்சுக்கிட்டவர் இவர்தான். ஆளே மாறிட்டார் பாருங்க. எல்லாம் அந்தக் கனவுகள் செஞ்ச வேலை."

எல்லாரும் கைதட்டினார்கள். ருவேடிக்கு அவமானத்தில் காது மடல் எரிந்தது.

மறுநாள் காலை ரொட்டியைத் தொடவில்லை.

"எல்ஸ்பெத், நான் ஒரு திருடன்."

"என்னத்தைத் திருடினே?"

"உன் கனவையெல்லாம். எனக்குக் கனவே வராது. நீ சொன்னதையெல்லாம் என்னோடதுன்னு சொல்லிக் கைதட்டு வாங்கிட்டு வந்தேன். நான் யாருன்னு கேட்டேல்ல? இதுதான் நான். நீ தாராளமா தூனுக்குப் போ. தடுக்கிற யோக்கியதை எனக்கு இல்ல."

எல்ஸ்பெத் கோபப்படவில்லை. ஜாம் பாட்டிலை நிதானமாக மூடி வைத்தாள்.

"வரலைன்னு போன வாரமே தங்கச்சிக்குப் போன் பண்ணிட்டேன்."

"இதெல்லாம் தெரியாம பண்ணியிருப்பே."

"உனக்கும்தான் ஒண்ணு தெரியாது. எனக்கும் கனவு வர்றதில்ல, ருவேடி. படுத்தா விடிஞ்சுதான் கண்ணு முழிப்பேன்."

ருவேடி வாயைப் பிளந்தார்.

"அப்ப அந்த டிக்கெட் ஜன்னல்? நாற்காலி? பாட்டு?"

அவள் கையை நீட்டி அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"உன்கிட்ட சொல்றதுக்கு எனக்கு எவ்வளவோ இருந்துச்சு. நீ கனவை மட்டும்தானே கேட்டே."