கழுத்துக்கு அளவெடுத்தவன்

"என் பேரு மாரீஸ்வரன். வயசு இருபத்தி மூணு. திருச்சுழி தாண்டி ஒரு கம்மாக்கரையில, கூடாரத்துக்குள்ள இருக்கேன். அக்கா, இன்னும் கொஞ்ச நேரத்துல எனக்கு என்ன வேணாலும் ஆகலாம்…"

போனை வாயோடு ஒட்டிவைத்துக் கிசுகிசுத்தான் மாரீஸ்வரன். குளிரில் விரல் மரத்துப்போனதில் எழுத்தை அமுக்க வரவில்லை. அக்கா தங்கச்செல்வி நூல் மில்லில் நிற்கிற நேரம். வாய்ஸ் மெசேஜ் போட்டால் அந்த இரைச்சலில் ஒன்றும் கேட்காது. அதனால்தான் பேசப் பேச எழுத்தாகும்படி பொத்தானை அமுக்கியிருந்தான்.

தீபாவளி லீவுக்கு ஓசூர் கம்பெனியிலிருந்து மல்லாங்கிணறு வந்தவனை, "கேம்பிங் போவோம்லே" என்று இழுத்து வந்தது ராம்குமார். ஆன்லைனில் கூடாரம் வாங்கிய நாளிலிருந்து அவனுக்கு இருப்புக்கொள்ளவில்லை. வருஷம் முழுக்க வானத்தைப் பார்த்துக் கிடக்கிற பூமியில், கூடாரம் அடித்த அன்றைக்குப் பார்த்து மழை விடாமல் ஊற்றியது.

வாசலில் தார்ப்பாய்க்கு அடியில், மூன்றாமவன் அமிர்தராஜ் இரண்டு நீள ஊசிகளால் சிவப்புக் கம்பளி நூலைப் பின்னிக்கொண்டிருந்தான். குன்னூர் பேக்கரியில் நான்கு வருஷம் வேலை பார்த்தபோது பழகியது.

"தலப்பிரசவத்துக்கு வந்த பொண்ணு மாதிரி உக்காந்து பின்னுறியேலே" என்றான் அவனுக்குப் பக்கத்தில் குளிரில் பல் கிட்டித்துக் கிடந்த ராம்குமார்.

"சிரி, சிரி. குளுரு கூடுனா நீதான் மொதல்ல எனக்கொண்ணும்பே."

அரை மணி நேரத்துக்கு முன்புதான் அது நடந்தது. அமிர்தராஜ் உள்ளே வந்து, மாரீஸ்வரன் கழுத்தில் நூலைச் சுற்றி, லேசாக இறுக்கிப் பார்த்து, சேர்கிற இடத்தில் ஒரு முடிச்சுப் போட்டுக்கொண்டான்.

"அசையாதலே. கோழிக் கழுத்து ஒனக்கு. என் கிடாவுக்கெல்லாம் இதுல ரெண்டு மடங்கு. பாவம், எங்க இருக்கோ!"

அது எங்கே போனது என்று மாரீஸ்வரனுக்குத் தெரியும். தீபாவளிக்கு முந்தின நாள், அமிர்தராஜ் வீட்டுப் பின்கொட்டகையில் சாக்குப்படுதாவுக்குப் பின்னால் கட்டியிருந்த கிடாவை அவிழ்த்ததே இவன்தான். 'ஊருக்கு வாங்க, சொந்தக் கிடா வெட்டுறேன்' என்று ஓசூர் கூட்டாளிகளிடம் ஆறு மாதமாகப் பீற்றியிருந்தான். அவர்கள் நிஜமாகவே வந்து இறங்கிவிட்டார்கள்.

கிடா காணாமல் போன பிறகு அமிர்தராஜ் கத்தவில்லை. யாரிடமும் விசாரிக்கவில்லை. போலீசுக்கும் போகவில்லை. தெருவே அவன் பொறுமையை மெச்சியது. மாரீஸ்வரனுக்கு மட்டும் அந்தப் பொறுமைதான் பயமாக இருந்தது. கத்துகிறவன் கத்தி ஓய்ந்துவிடுவான். வாயை மூடிக்கொண்டு பின்னுகிறவனை என்ன செய்வது?

ஆள் நடமாட்டமே இல்லாத இந்தக் கரையைத் தேடிப் பிடித்ததும் அமிர்தராஜ்தான். தூரத்தில் ஒரு பைக் சத்தம் கேட்டாலும் முகத்தைத் திருப்பிக்கொள்கிறான். சாட்சிக்கு ஒருத்தரும் பார்த்துவிடக் கூடாது என்று நினைக்கிறான் போலிருக்கிறது.

மாரீஸ்வரன் மிச்சத்தையும் போனுக்குச் சொன்னான்.

"அமிர்தராஜ் கிடாவத் திருடுனது நான்தான். வெட்டுனதும் நான்தான். வேற யாருக்கும் சம்பந்தமில்ல. அதுக்குத்தான் என் கழுத்துக்குக் கயிறு பின்னுறான். இதப் படிக்கிறவுக யாரா இருந்தாலும் நாலு ஆளக் கூட்டிட்டு ஒடனே கம்மாக்கரைக்கு வாங்க."

அனுப்பிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டான்.

ஐந்து நிமிஷத்தில் ராம்குமார் போன் கிணுகிணுத்தது.

"தங்கச்செல்வி அக்கா. 'தம்பி ராமு, மாரீசு என்னமோ அனுப்பியிருக்கான். குடிச்சிருக்கானான்னு பாரு'ங்குது."

கீழே அக்கா அனுப்பியிருந்ததைப் பேர், வயசிலிருந்து சத்தமாக வாசிக்க ஆரம்பித்தான். 'கூடாரத்துக்குள்ள' வரைக்கும் சிரிப்பு. 'கிடாவ' என்ற இடத்தில் சிரிப்பு நின்றுபோனது.

அமிர்தராஜ் எழுந்தான். கையில் ஊசியோடும் நூலோடும் உள்ளே வந்தான். மாரீஸ்வரன் கூடாரத்தின் கடைசி மூலைக்கு நகர்ந்தான். அதற்கப்புறம் நகர இடமில்லை.

சிவப்பாக ஏதோ ஒன்று கழுத்தைச் சுற்றி விழுந்தது. மெத்தென்று இருந்தது.

"ஓசூர்ல குளுருமேன்னு மப்ளர் பின்னுனா, என்னயக் கொலகாரனாக்கிட்டியேலே!"

மாரீஸ்வரன் பொலபொலவென்று அழுதுவிட்டான். "மன்னிச்சிருடா. மனசு கேக்காமத்தான் அன்னைக்கு ஒங்க வீட்டுக்கும் ஒரு தூக்குவாளி கறி குடுத்துவிட்டேன்."

"ஓ, அதானா அது? எலும்பக்கூட விடாமத் தின்னோம்."

"ஒனக்குக் கோவமே இல்லையாடா?"

"கோவமா? அந்தக் கிடாவ என்ன செய்யன்னு நானே முழிச்சுக்கிட்டுக் கெடந்தேன். ஒன்னய எங்க வச்சுக் கும்புடுறதுன்னு தெரியல."

ராம்குமார் கையிலிருந்த போனை வாங்கி, அமிர்தராஜ் அந்த மெசேஜை முதலிலிருந்து நிதானமாக இன்னொரு முறை படித்தான். பேர் இருந்தது. வயசு இருந்தது. செய்த காரியம் இருந்தது. வேறு யாருக்கும் சம்பந்தமில்லை என்பதுகூட இருந்தது. மாரீஸ்வரன் தோளில் கை போட்டு, மப்ளரைச் சரியாக இழுத்துவிட்டான்.

"ஒரே ஒரு ஒதவி மாப்ள. இதுல 'அமிர்தராஜ் கிடா'ன்னு வருதுல்ல, அத மட்டும் 'பந்தல்குடி ரிட்டயர்டு ஏட்டய்யா வீட்டுக் கிடா'ன்னு மாத்தி இன்னொருக்காப் பேசி அனுப்பிரு. அத நான் அங்கருந்து ஓட்டிட்டு வந்த நாள்லருந்து போலீசு என்னையவே சுத்திச் சுத்தி வருது."