ஒரே ஒரு போல்ட்டு

“ஓட்டத் தெரியாதவங்க கையில எதைக் கொடுத்தாலும் இதே கதிதான்!”

கொழுந்தன் போட்ட சத்தத்தில் அண்ணி தலையைக் குனிந்துகொண்டாள். முழங்கை நன்றாகச் சிராய்த்திருந்தது. புடவையில் மண். அவள் தள்ளிக்கொண்டு வந்த சைக்கிள் வாசல் சுவரில் சாய்ந்திருந்தது.

“ஸ்பீடு பிரேக்கரைக் கவனிக்கல தம்பி. என் மேலதான் தப்பு.”

“மோட்டார் வச்ச சைக்கிள்னா கண்ணு ரோட்டுல இருக்க வேணாமா?”

பழைய சைக்கிளுக்கு மோட்டாரும் பேட்டரியும் மாட்டித் தருவதில் அவன் கெட்டிக்காரன் என்று பேர். தெருவே ‘சயின்டிஸ்ட்’ என்றுதான் கூப்பிடும். அச்சகத்து வேலைக்கு மேட்டில் மிதித்து மூச்சு வாங்கும் அண்ணிக்குத்தான் முதலில் மாட்டிக் கொடுத்தான். அதைப் பார்த்து அடுத்த தெரு தையல்கார அக்காவும் தன் சைக்கிளைக் கொண்டுவந்து மோட்டார் மாட்டிக்கொண்டு போனாள்.

ராத்திரி ஷிப்ட் பார்த்துவிட்டுத் தூங்கிக்கொண்டிருந்த அண்ணன், சத்தம் கேட்டு எழுந்து வந்தான்.

“போதும் உன் சவாரி. நாளையிலிருந்து பஸ்ஸுல போ. இல்லைன்னா வேலைய விட்டுடு. இவன் மெனக்கெட்டு செஞ்சு கொடுத்ததை ஒழுங்கா வச்சுக்கத் துப்பில்ல!”

அண்ணி சமையலறைக்குள் போனாள்.

‘எவ்வளவு சேதம் பண்ணி வச்சிருக்காங்களோ’ என்று முணுமுணுத்தபடி கொழுந்தன் சைக்கிள் பக்கத்தில் குந்தினான்.



சாய்வுக் கம்பியில் கெட்டியாக உட்கார்ந்திருக்க வேண்டிய பேட்டரி, தகட்டோடு கழன்று ஒயரில் தொங்கிக்கொண்டிருந்தது.

அந்தத் தகட்டுக்கு இரண்டு போல்ட்டு போட்டிருக்க வேண்டும். ஓட்டைகள் நேராக அமையவில்லை. ஒரே ஒரு போல்ட்டைப் போட்டுவிட்டு, மறுபக்கத்தை ஒயர் கட்டும் பிளாஸ்டிக் டையால் இழுத்துக் கட்டியிருந்தான். இரும்புப் பட்டி வாங்கி அப்புறம் மாட்டிக்கொள்ளலாம் என்று நினைத்தான். அப்புறம் மறந்தே போனான்.

டை அறுந்து, செங்கல் கனமுள்ள பேட்டரி சரிந்து, பெடலுக்குள் சிக்கியிருக்கிறது.

சமையலறை வாசலில் போய் நின்றான்.

“அண்ணி... பேட்டரி கழண்டுதானே விழுந்தீங்க?”

“மெதுவாப் பேசு. உங்க அண்ணன் காதுல விழப்போகுது.”

“ஏன் அண்ணி சொல்லல? நான் வேற வாய்க்கு வந்தபடி கத்துனேன்...”

“இப்பத்தான் வெளி ஆளுங்க உன்னை நம்பி வேலை கொடுக்கிறாங்க. ஆரம்பத்துலயே பேர் கெட்டா யாரு வருவாங்க? சிராய்ப்புதானே, ஆறிடும்.”

அவனுக்குக் காது சுட்டது. நம்பி வேலை கொடுத்த அந்த வெளி ஆள்...

தையல்கார அக்கா! அந்த சைக்கிளிலும் ஒரே போல்ட்டு. அதே டை. பள்ளிக்கூடம் விட்டதும் பாப்பாவைப் பின்னால் உட்கார வைத்து, லாரி போகும் ரோட்டில் வருவாள். பள்ளிக்கூடம் விடுகிற நேரம்தான் இது.

அண்ணி ஏதோ சொல்ல வாயெடுப்பதற்குள் அவன் ஸ்பேனரை எடுத்துக்கொண்டு ஓடினான்.

‘கடவுளே, அந்தக் குழந்தைக்கு ஒண்ணும் ஆகியிருக்கக் கூடாது. அக்காகிட்ட உண்மையைச் சொல்லிடணும். திரும்பி வந்து அண்ணன்கிட்டயும் சொல்லிடணும்.’

தையல்கார அக்கா வீட்டுக்குள் சைக்கிள் நின்றிருந்தது. அக்கா பாப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு அப்போதுதான் தெருமுனையிலிருந்து நடந்து வந்தாள்.

“வாங்க தம்பி! உங்களைத்தான் எதிர்பார்த்துட்டிருந்தேன்.”

“அக்கா, அந்த பேட்டரி... நான் சரியா...”

“தெரியும். நான் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்புறதுக்கு முன்னாடியே உங்க அண்ணி வந்து சொல்லிட்டாங்களே! அதான் சைக்கிளைத் தொடவே இல்ல.”

“அண்ணியா? இங்க வந்தாங்களா?”

“முழங்கையில ரத்தம் வழிய வந்தாங்க. என்னாச்சுன்னு கேட்டா, கால் தடுக்கிருச்சுன்னாங்க. உட்காரச் சொன்னேன், உட்காரக்கூட இல்ல. ‘பேட்டரியை இன்னும் கெட்டியா மாட்டணும்னு என் கொழுந்தனுக்கு மனசுல உறுத்தல். அவன் வந்து சரி பண்ற வரைக்கும் பாப்பாவை இதுல ஏத்த வேணாம்னு சொல்லி அனுப்பினான்’னாங்க.”



அக்கா பாப்பாவைத் தன்னோடு சேர்த்து அணைத்துக்கொண்டாள்.

“தன் வேலையில இருக்கிற குறையைத் தானே சொல்லி அனுப்புற மனசு யாருக்கு வரும் தம்பி?”

கையிலிருந்த ஸ்பேனரைப் பார்த்தபடியே அவன் சொன்னான்:

“எனக்கு வரல அக்கா.”