எட்டாவதாக வந்த முதல் கதை

பக்கத்தைப் புரட்டியதும் லாக்லன் படிப்பதை நிறுத்தினான்.

அந்தப் பத்தியை வாய்விட்டுப் படிக்க முடியாது. இந்தச் சிறையின் முற்றத்தில், டாரிலின் முன்னால், முடியவே முடியாது.

டாரில் வெயிலில் கண்களை மூடி, சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். அவனுடைய மூக்குக்கண்ணாடி போன மாதச் சோதனையில் காவலரின் பூட்ஸுக்கடியில் நொறுங்கிவிட்டது. அன்றுதான் அவன் கட்டிலின் குழாய்க்குள் ஒளித்திருந்த கைபேசியும் சிக்கியது. யாரோ போட்டுக் கொடுத்திருக்கிறார்கள்.

யாரென்று டாரில் இன்னும் தேடிக்கொண்டிருந்தான்.

அந்த வாரமே லாக்லனுக்குச் சலவைக்கூடத்தில் வேலை கிடைத்தது. எல்லோரும் ஆசைப்படுகிற வேலை. "உனக்கு எப்படிடா கிடைச்சுது?" என்று டாரில் ஒருமுறை கேட்டான். சிரித்துக்கொண்டுதான் கேட்டான்.

கண்ணாடி இல்லாத டாரிலுக்காக லாக்லன் படித்துக்கொண்டிருந்த புத்தகம் டவுன்ஸ்வில்லிலிருந்து டாரிலின் அக்கா அனுப்பியது. துப்பறியும் ஹாலரனும், அவருக்குத் துணையாக வரும் பழைய திருடன் டெக்லனும் சேர்ந்து கொலைகாரர்களைப் பிடிக்கும் ஏழு நாவல்களையும் டாரில் கரைத்துக் குடித்திருந்தான். டெக்லன் என்றால் அவனுக்கு உயிர். என்ன அடி வாங்கினாலும் யாரையும் காட்டிக்கொடுக்காதவன்.

இது எட்டாவது. ஆனால் எல்லாவற்றுக்கும் முன்னால் நடந்த கதை. இருவரும் முதன்முதலில் சந்தித்த கதை.

லாக்லனின் விரலுக்குக் கீழே, சிறையில் இருந்த இளம் டெக்லன், தப்பிக்கத் திட்டமிட்ட சக கைதிகளை ஹாலரனுக்கு ஒவ்வொருவராகச் சுட்டிக் காட்டிக்கொண்டிருந்தான்.

"பையன் எழுத்துக் கூட்டுறான் போல அண்ணே. விடிஞ்சுடும்," என்றான் ஃபெர்கஸ். டாரிலோடு ஒரே அறையில் இருப்பவன். அவன் வாயில் கிண்டல் ஓயாது.

லாக்லன் படித்தான். புத்தகத்தில் இல்லாததைப் படித்தான். ஹாலரன் பக்கத்து அறையில் நின்று, சுவரில் காதை வைத்து, திட்டம் முழுவதையும் தானே ஒட்டுக்கேட்டதாகப் படித்தான்.

டாரில் கண்ணைத் திறந்தான்.

"சுவத்துல காதை வச்சா? ஹாலரனுக்குப் பொறந்ததுலேருந்தே காது மந்தம்டா. எதிர்ல நின்னு கத்தினாலே ரெண்டு தடவை கேப்பாரு."

முந்தைய ஏழு நாவல்களில் ஒன்றைக்கூட லாக்லன் படித்ததில்லை.

வேலியின் மேல் ஒரு மேக்பை பறவை கத்திவிட்டு நிறுத்தியது. காவலர்கள் இருவரும் தூரத்தில், வாசலருகே நின்றிருந்தார்கள்.

டாரில் புத்தகத்தை லாக்லனின் கையிலிருந்து பிடுங்கி ஃபெர்கஸிடம் நீட்டினான்.

"அந்த இடத்தை நீ படி."

ஃபெர்கஸ் குனிந்தான். அவன் கண்கள் அந்தப் பத்தியின் கடைசி வரைக்கும் போயின. திரும்பி முதல் வரிக்கு வந்தன. அவன் கிண்டல் எதுவும் செய்யவில்லை.

ஓடினால் வாசலை எட்ட முடியாது என்று லாக்லனுக்குத் தெரியும்.

ஃபெர்கஸ் படித்தான். பக்கத்து அறை. சுவர். காது. லாக்லன் இட்டுக்கட்டிய அத்தனையும், அப்படியே.

"இதான் போட்டிருக்கு அண்ணே. எழுதுற ஆளுக்கு வயசாயிடுச்சு. தன் கதை தனக்கே மறந்துபோச்சு."

"ஏழு நல்ல கதையைக் கெடுத்துட்டான், பாவி." டாரில் காறித் துப்பிவிட்டு மறுபடி கண்களை மூடிக்கொண்டான்.

புத்தகம் லாக்லனிடம் திரும்பி வந்தது. அந்தப் பத்தியின் ஓரத்தில் ஃபெர்கஸின் கட்டைவிரல் ஈரமாகப் பதிந்திருந்தது.

லாக்லன் யாரையும் காட்டிக்கொடுத்ததில்லை. செய்யாததற்குத் தன்மேல் பழி விழுமே என்றுதான் இத்தனை நாளும் பயந்து செத்தான். செய்தவன் யாரென்று தெரியாமல் இருந்தது எவ்வளவு பத்திரமாக இருந்தது என்று இப்போதுதான் புரிந்தது.

ஃபெர்கஸ் டாரிலின் பக்கத்திலிருந்து எழுந்து வந்து, லாக்லனின் தோளை ஒட்டி உட்கார்ந்தான்.

"மேல படி," என்றான், மெதுவாக.