மணமில்லாத பால்

ஸ்டுட்கார்ட், 1988 தை மாதம். ஜன்னலில் அரிசி கழுவின தண்ணீர் போல வெளிச்சம். ஆஸ்பத்திரிக் கட்டிலில் என் மகள் தவமலர் மூச்சுக்கு இழுக்கிறாள். யாரோ செத்த வெள்ளைக்காரனின் இதயம் இரண்டு மாதமாக அவள் நெஞ்சில் துடிக்கிறது. இப்போது உடம்பு அதைத் தள்ளுகிறது என்கிறார் டாக்டர். எங்கள் அகதி முகாமில் இருக்கும் இரத்தினம் அவர் சொல்வதைத் தமிழில் சொல்கிறான்.

“பாலிலை கலக்கிற எண்ணெய் மருந்தை ஒருநாளும் விடாமல் குடுத்தீங்களோ எண்டு கேக்கிறார் ஐயா. குடுத்தும் இப்பிடியெண்டால் வேறை கடும் மருந்தாம். இவ தாங்குறது கஷ்டமாம்.”

அந்த எண்ணெய் உடம்பின் எதிர்ப்பைக் குறைக்கும் என்று அவளை முகாமுக்குக் கூட்டிவந்த அன்றைக்கு இவன்தான் சொன்னான். நோயாளியின் பலத்தைக் குறைக்கிற மருந்தை எவன் நம்புவான்? ஐந்து நாளாக நான் வெறும் பாலைத்தான் கொடுத்தேன்.

“ஐஞ்சு நாள் குடுக்கேல்லை” என்கிறேன்.

இரத்தினம் என்னையே பார்க்கிறான். “உங்களுக்கென்ன விசரே?”

“என்னைப் பிறகு ஏசு. அவருக்குச் சொல்லு.”

தவமலர் மூக்கிலிருந்த காற்றுக்குழாயை விலக்குகிறாள். “பாலிலை மருந்து மணக்கேல்லை அப்பா. எனக்குத் தெரியும். வயித்தைப் பிரட்டேல்லை எண்டு பேசாமல் குடிச்சனான்.”

இரத்தினம் டாக்டரிடம் சொல்கிறான். ஐந்து என்ற சொல் மட்டும் எனக்கு விளங்குகிறது. “அப்ப கடும் மருந்து வேண்டாமாம், அந்த எண்ணெயைத்தான் திருப்பிக் குடுக்கவேணுமாம்” என்கிறான் இரத்தினம். டாக்டர் கதவைத் தள்ளிக்கொண்டு ஓடுகிறார்.